ஆடி போகட்டும்

எனக்கு க்யூவிலே நிக்கப் பிடிக்கும். என் ஆத்துக்காரி ஷ்யாமளா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பால் பூத்தானாலும் சரி, ரேஷன் கடையானாலும் சரி, முன்னாடி நிக்கறவன் முதுகைப் பார்த்துண்டு சும்மா நிக்கறதிலே ஒரு நிம்மதி இருக்கு. யாரையும் இடிக்க வேண்டாம், யார்கிட்டேயும் கத்த வேண்டாம். நின்னா போறும், நம்ம முறை தானா வந்துடும். பம்பாய்க்கு வரவா எல்லாரும் ஓடக் கத்துக்கறா. நான் நிக்கக் கத்துண்டேன்.

உக்காருங்கோ வக்கீல் சார். அது ஆடும், இந்த நாற்காலியிலே உக்காருங்கோ. வானமாமலைன்னு சொன்னேளே, நாங்குநேரிப் பக்கமா? நினைச்சேன். நாங்க பாலக்காடு, ஆனா நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் இந்த மாதுங்காவிலேதான். ஆறுமுகத்தாயையும் உள்ளே வரச் சொல்லுங்கோளேன். அவ இந்த ஆத்துக்கு வராதவ இல்லை. வாசப்படியிலேயே நிக்கறாளே. சரி, அவ இஷ்டம்.

நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். அவ புருஷன் கணேசபாண்டியன் அடிபட்ட அன்னிக்கு மெஷின்லே கம்பி கட்டியிருந்தது வாஸ்தவம். அன்னிக்கு அவன் கூட நின்ன செல்லப்பாண்டி உங்ககிட்டே சொன்னது பொய் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போ பயம் கிடையாது, அது ஏன்னு அப்புறம் சொல்றேன். சொல்லப்போனா, யாராவது வந்து கேக்க மாட்டாளான்னுதான் இத்தனை நாளா இருந்தது. கேக்காத விஷயத்தை நாமளா போய் எப்படிச் சொல்றது?

செம்பூர்லே எங்க ஃபாக்டரி ரப்பர் குழாய் பண்றது. நான் அங்கே லேபர் ஆபீசர். நீங்க ரப்பர் மில் பார்த்திருக்க மாட்டேள். கரும்பு ஜூஸ் பிழியற மெஷின் தெரியுமோல்லியோ, அதுமாதிரி ரெண்டு இரும்பு உருளை, ஆள் உசரத்துக்கு நீளமா, பக்கத்துப் பக்கத்திலே படுத்துண்டு உள்பக்கமாச் சுத்தும். ரப்பரைக் கையாலேதான் நடுவிலே தள்ளணும். தள்ளற கை கூடவே போயிடக்கூடாதுன்னு மேலே ஒரு இரும்புப் பட்டை வெச்சிருக்கு. இன்னொரு கையாலேயோ நெத்தியாலேயோ அதை அழுத்தினா மில் நின்னுடும். சட்டப்படி அது வேலை செய்யணும். ஆனா ஆள் குனிஞ்சா போறும், சட்டை பட்டா போறும், அது பாட்டுக்கு நின்னுடும். நின்னா உள்ளே இருக்கற ரப்பர் வெந்து வீணாப் போகும். அதனாலே அந்தப் பட்டையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. எத்தனையோ மில்லிலே அப்படித்தான்னு சொல்லிப்பா.

கணேசபாண்டியன் அந்த மில்லிலே நிக்கறவன். தாராவி ஆள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். நல்ல வாட்டசாட்டம். என்னைக் கேலி பண்ற தைரியம் அந்த ஃபாக்டரியிலேயே அவன் ஒத்தனுக்குத்தான் உண்டு. "சார் நடந்தா தரைக்கே தெரியாது"ம்பான். நான் யாரையும் அதட்டிப் பேசினதில்லைங்கறதை அப்படிச் சொல்லுவான். எனக்கு அவனைப் பிடிக்கும். மாசி மாசமோ பங்குனியோ, என் ரூமுக்கு வந்து நின்னான். அந்தக் கம்பியை அவுத்துடச் சொல்லுங்க சார், புள்ளகுட்டிக்காரன் நான்னு சொன்னான். பாக்கலாம்னேன். நிஜமாவே பாக்கலாம்னுதான் இருந்தேன்.

சித்திரை மாசம் அவாளுக்கு ஊர்லே கோவில் கொடை, திருவிழா. அதிலே தாராவி ஆட்களுக்குள்ளே ஒரு வழக்கம் உண்டு. கொடைக்குப் போறவன் லீவு கேக்க மாட்டான். கேட்டாலும் கிடைக்காது, திரும்பி வரச்சே வேலை இருக்குமான்னும் தெரியாது. அதனாலே நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை மச்சினன் கையிலேயோ தம்பி கையிலேயோ குடுத்துட்டு ரயிலேறிடுவான். மச்சினன் அந்தப் பில்லையைக் காட்டி உள்ளே வந்து, அவன் பேர்லே வேலை பார்ப்பான். கேட்டிலே பில்லையைத்தான் பார்ப்பா, மூஞ்சியைப் பாக்க மாட்டா. மேஸ்திரிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. அந்தச் சித்திரையிலே கணேசபாண்டியனோட கூட்டாளி பிச்சையா கொடைக்குப் போயிருந்தான். அவன் இடத்திலே அவன் மச்சினன் செல்லப்பாண்டி வந்து, கணேசபாண்டியனோட அதே மில்லிலே நின்னான்.

காலம்பற டீ குடிச்சுட்டு வந்த கொஞ்ச நேரத்திலே விபத்து நடந்தது. கணேசபாண்டியன் கை உள்ளே போயிடுத்து. பட்டையை அழுத்திப் பார்த்திருக்கான், அது நகரலை. செல்லப்பாண்டிதான் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைச்சான். ஆள் பிழைக்கலை. பக்கத்திலே நின்னு பார்த்தவன் அவன் ஒத்தன்தான்.

மறுநாள் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். ரோஷன்னு பேர், பார்ஸி. ஒரு வாய் டீ கூட வாங்கிக்க மாட்டார். நல்ல மனுஷர், அவரை நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். அவர் வரச்சே பட்டையிலே கம்பி இல்லை. ஆனா விரலாலே தடவிப் பார்த்தார். கம்பி இறுகி இறுகி அங்கே தடம் விழுந்திருந்தது. இது கட்டியிருந்ததான்னு கேட்டார். மேஸ்திரி இல்லேன்னான். நான் பேசலை. கூட யார் நின்னதுன்னு கேட்டார். ஆஜர்ப் புஸ்தகத்தை எடுத்துக் குடுத்தேன், அதிலே பிச்சையான்னு இருந்தது. அவர் அதைக் குறிச்சுண்டார்.

அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இந்த கணேசபாண்டியன் குடிப்பானான்னு கேட்டார். மேஸ்திரி அப்படி ஏதோ சொல்லி வெச்சிருந்தான். எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்றது? "தாராவி ஆள் சார்"னேன். அது உண்மைதானே. மதுவிலக்கு இருக்கற ஊர்லே, கள்ளச்சாராயம் காய்ச்சற தாராவின்னா என்ன நினைச்சுப்பாங்கறது அவாவா மனசைப் பொறுத்தது.

பிச்சையா ஊர்லேருந்து வந்ததும் ரோஷன் மறுபடி வந்தார். அவனுக்கு ஹிந்தி அரைகுறை, நான்தான் நடுவிலே சொன்னேன். முன்னாடியே அவனைக் கூப்பிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, பொய் மட்டும் சொல்லாதேன்னு புத்தி சொல்லியிருந்தேன். கம்பி கட்டியிருந்ததைப் பார்த்தியான்னு கேட்டார். "நான் பாக்கல சார்"னான். எப்படி நடந்ததுன்னு கேட்டார். "தெரியாது சார், நான் பாக்கல"ன்னான். அவன் கண்ணிலே ஜலம். நெல்லைச் சீமையிலே சாமிக்கு முன்னாடி ஆடிண்டிருந்தவன் எப்படிப் பார்த்திருப்பான்? ஒரு வார்த்தை பொய் இல்லை. நானும் ஒரு வார்த்தை மாத்தாம இங்கிலீஷ்லே சொன்னேன். அன்னிக்கு நீ எங்கே இருந்தேன்னு மட்டும் ரோஷன் கேக்கலை. புஸ்தகத்திலே இருக்கே, ஏன் கேக்கணும்?

செல்லப்பாண்டி அப்போ கேட்டுக்கு வெளியே டீக்கடையிலே உக்காந்திருந்தான். அவனை யாரும் தேடலை. உள்ளே வராத ஆளை எந்த இன்ஸ்பெக்டர் விசாரிப்பார்? அவனா வந்து சொல்லியிருந்தா பிச்சையாவுக்கு வேலை போயிருக்கும். பிச்சையா பெண்டாட்டி அவனோட கூடப் பொறந்தவ. அக்கா ஆத்து அடுப்பை அணைக்கப் போறியான்னு ஒரு தரம் கேட்டேன். அதுக்கப்புறம் நான் அவன்கிட்டே அதைப் பத்திப் பேசவே இல்லை.

இப்போ சட்டத்துக்கு வரேன். நீங்க சிவில் பக்கம்னு சொன்னேள், அதனாலே சொல்றேன். ஃபாக்டரிச் சட்டத்திலே ஒரு செக்‌ஷன் உண்டு. குத்தம் நடந்தது இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வந்ததிலேருந்து மூணு மாசத்துக்குள்ளே கோர்ட்டிலே புகார் போட்டாகணும். போடலைன்னா கோர்ட் அதை எடுத்துக்கப்படாது. அதுக்கப்புறம் கம்பியை அவர் மேஜை மேலேயே கொண்டு வெச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ரோஷன் சாட்சி இல்லாம புகார் போடற ஆள் இல்லை. ஒரு ஆள் கிடைச்சா போறும், போட்டுடறேன்னு என்கிட்டேயே சொன்னார். நான் யாரையும் தடுக்கலை. காலம் தானாத்தான் போச்சு.

ஆறுமுகத்தாய் என்னைத் தேடிண்டு வந்தது பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட. இதோ, இப்போ நிக்கற இதே இடத்திலேதான் நின்னா. இழப்பீடெல்லாம் கம்பெனி ஒழுங்காக் குடுத்துடுத்து, அதைப் பத்தி அவ பேசலை. தெருவிலே குடிச்சுட்டுக் கையை விட்டான்னு பேசறாளாம், பிள்ளைகள் காதிலே விழறதாம். புருஷன் அந்தப் பக்கமே போகாதவனாம். "கோர்ட்ல ஒரு தடவ சொல்லணும்யா, அவுக குடிக்கலன்னு. பெறகு எனக்கு ஒண்ணும் வேண்டாம்" அப்படின்னா. இன்ஸ்பெக்டர்கிட்டே மனு குடுக்கணும், நீங்கதான் எழுதித் தரணும், கூட்டிண்டு போகணும்னு கேட்டா. பம்பாயிலே அவளுக்கு வேற யாரைத் தெரியும்? அவ புருஷன் என்னைப் பத்தி ஆத்திலே நல்லாச் சொல்லியிருக்கான்.

எழுதித் தரேன்னேன். முதல்லே ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துட்டு வா, மனு எங்கேயும் ஓடிப்போகாதுன்னு சொன்னேன். அது தப்பான யோசனையா? அவளும் போனா. வைகாசி போச்சு. ஆனி கடைசியிலே நல்ல மழையிலே திரும்பி வந்தா. அன்னிக்கே போலாமாய்யான்னு கேட்டா. கேஸ் போட இன்னும் சில வாரம் பாக்கி இருந்தது.

நான் சுவத்திலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். நாளைக்கு ஆடி பொறக்கறது, ஆடியிலே கோர்ட் காரியத்தை ஆரம்பிப்பாளோன்னு கேட்டேன். ஆடி போகட்டும், ஆவணி பொறந்ததும் நானே கூட்டிண்டு போறேன்னேன். அவ மூஞ்சி எப்படித் தெளிஞ்சதுங்கறேள். பம்பாயிலே யாரும் தனக்காக நாள் பார்க்க மாட்டான்னு நினைச்சிருக்கா. ஒருத்தர் பார்த்துச் சொன்னாரேன்னு சந்தோஷம். ஷ்யாமளா அவளுக்குக் காபி குடுத்தா. எங்க சட்டத்துக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நாள் பார்க்கறது நம்ம எல்லார் வழக்கமும்தான். நான் இல்லாத சாஸ்திரம் எதையும் சொல்லலை.

ஆடி நடுவிலே ரோஷன் ஒரு தரம் வந்தார். குடும்பத்திலேருந்து யாராவது வந்தாளான்னு கேட்டார். அவா எல்லாம் ஊருக்குப் போயிருந்தா சார்னேன். போயிருந்தா, வந்துட்டா. ரெண்டாவதை அவர் கேக்கலை.

ஆவணி பொறந்து முதல் வேலை நாள் காலம்பறவே அவ வந்துட்டா. வெள்ளைப் புடவை கீழே நனைஞ்சிருந்தது. நான் அரை நாள் லீவு போட்டுண்டு கோட்டைப் பக்கம் ரோஷன் ஆபீசுக்குக் கூட்டிண்டு போனேன். ரோஷன் எழுந்து நின்னு அவளுக்கு நாற்காலி போட்டார். அவ சொன்னதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன், செல்லப்பாண்டி பேர் மட்டும் அதிலே வரலை, ஏன்னா அப்போ அவளுக்கு அது தெரியாது. அவர் சுவத்துக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். மூஞ்சியே மாறிப்போச்சு. இங்கிலீஷ்லே மெதுவாச் சொன்னார். நான் தமிழ்லே சொன்னேன். மூணு மாசம் தாண்டிடுத்தாம், இனிமே கேஸ் போட முடியாதாம்.

அவ அவரைப் பார்க்கலை, என்னைப் பார்த்தா.

"ஆடி போகட்டும்னு அய்யாதான சொன்னிய?"

கோபமே இல்லை சார் அந்தக் குரல்லே. தான்தான் தப்பாப் புரிஞ்சுண்டுட்டோமோன்னு கேக்கற மாதிரி இருந்தது. ஆமாம்மா, நான்தான் சொன்னேன்னேன். என்ன சொல்றான்னு ரோஷன் கேட்டார். ஆடின்னு எங்களுக்கு ஒரு மாசம் உண்டு, அதைப் பத்திச் சொல்றான்னேன். அவர் பாவம், அந்த மாசத்திலே ஏதோ துக்கம் போலிருக்குன்னு தலையைக் குனிஞ்சுண்டார். வெளியிலே வந்ததும், மழையிலே உங்களை அலைய வெச்சுட்டேனேய்யான்னு அவ என்கிட்டே வருத்தப்பட்டா. தாதர் வரைக்கும் ஒரே ரயில்லே வந்தோம்.

ஏன் பண்ணினேன்னு கேக்கறேள். நியாயமான கேள்வி. முதலாளிக்காகன்னு நீங்க நினைச்சிருப்பேள். அவருக்கு ஒண்ணும் வராது சார். லைசென்ஸ்லே ஃபாக்டரி மேனேஜர்னு ஒரு பேர் போடணும், குத்தம்னா கோர்ட் அந்தப் பேரைத்தான் கூப்பிடும். அங்கே போட்டிருக்கறது என் பேர். சேர்ந்த புதுசிலேயே கையெழுத்து வாங்கிட்டா. தண்டனையும் பெரிசா ஒண்ணுமில்லை, அபராதத்தோட விட்டுடுவான். அதைக் கட்ட எனக்கு முடியும். ஆனா ஒரு நாள் குர்லா கோர்ட்டுக்கு ஏதோ காகிதம் குடுக்கப் போனபோது, எங்க தெருக்காரர் ஒருத்தர் பேரை சிப்பாய் வராந்தாவிலே நின்னு கூப்பிட்டான். மூணு தரம். பேரைக் கடிச்சுத் துப்பி, ஹாஜிர் ஹோ, வந்து நில்லுன்னு. அவர் எழுந்து போனதைப் பார்த்தேன். கூன் போட்டுண்டு போனார். வேங்கடசுப்ரமணியன்ங்கற என் பேரை அப்படி ஒருத்தன் கத்தறதை என்னாலே நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை. எங்க தாத்தா பேர் சார் அது, எங்கப்பா வெச்ச பேர். அதுக்கு ஒரு மரியாதை இல்லையா?

கம்பி கட்டச் சொன்னது யார்னும் கேட்டேள். நான்தான். மேஸ்திரி வந்து கேட்டான், கட்டிக்கோன்னேன். கணேசபாண்டியன் வந்து அவுக்கச் சொன்னபோது பாக்கலாம்னேன்னு சொன்னேனே, அது நான் கட்டச் சொன்ன கம்பி.

இதெல்லாம் எனக்கு உறைக்கலைன்னு நினைக்காதேங்கோ. க்யூ பிடிக்கும்னேனே, சித்திரைக்கப்புறம் க்யூவிலே நிக்க முடியலை. பின்னாடி யாரோ ரொம்பக் கிட்டே நிக்கறான். ரப்பர் வாசனை வரது. முன்னாடி போங்கோன்னு வழி விட்டுத் திரும்பினா அங்கே ஒரு கிழவியோ ஒரு மராட்டிக்காரப் பொண்ணோ நிக்கறா. ஆத்திலே ஷ்யாமளா அடுக்களையிலேருந்து "ஒரு நிமிஷம் இருங்கோ"ன்னு சொன்னா போறும், எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துடறது. அந்த வார்த்தையைச் சொல்லாதேடின்னு கெஞ்சியிருக்கேன். ஏன்னு அவளுக்குத் தெரியாது. பாகிஸ்தான் சண்டை வந்தபோது ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோமே, சண்டை முடிஞ்சும் நான் அதைக் கிழிக்க விடலை. வெளியிலே பாக்காம இருந்தா நன்னாயிருக்கு. டாக்டர் வைட்டமின் மாத்திரை குடுத்திருக்கார்.

ஆவணிக்கப்புறம் பிச்சையாவுக்கு ஒரு தொந்தரவும் வரலை. செல்லப்பாண்டியையும் நான் விட்டுடலை. கணேசபாண்டியன் இடம் காலியா இருந்ததே, அதிலே அவனை நிரந்தரமாப் போட்டுக் குடுத்தேன், சொந்தப் பேர்லே, சொந்தப் பில்லையோட. நல்லதுதானே பண்ணினேன்? ஐப்பசியிலே மேஸ்திரி மறுபடியும் வந்தான், ரப்பர் ரொம்ப வீணாறது சார்னான். கட்டிக்கோன்னு நான் சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை. மறுநாள் செல்லப்பாண்டி மில்லுக்கு முன்னாடி போய் நின்னு பட்டையைப் பார்த்திருக்கான். நேரா என் ரூமுக்கு வந்து, பில்லையை என் மேஜை மேலே வெச்சுட்டு வெளியே போயிட்டான். அங்கேருந்து ஆறுமுகத்தாய்கிட்டே போயிருக்கான். அவ அவனையும் கூட்டிண்டு உங்ககிட்டே வந்திருக்கா.

செல்லப்பாண்டிக்கு ஒளிக்கத் தெரியாது. எல்லாத்தையும் கொட்டியிருப்பான்னு தெரியும், அதனாலே நானும் எதையும் ஒளிக்கப் போறதில்லை. அவன் சொன்னதோட நான் சொல்றது பொருந்தறதான்னு பார்த்துக்கோங்கோ.

அவன் ஸ்விட்சை அணைச்சு, மில் நின்னதும் நானும் மேஸ்திரியும் சத்தம் கேட்டு வந்துட்டோம். கணேசபாண்டியன் நின்னுண்டுதான் இருந்தான். வலது கை தோள் வரைக்கும் உள்ளே. நல்ல நினைவு இருந்தது. செல்லப்பாண்டி ஸ்பானரை எடுத்துண்டு ஓடி வந்தான். ரெண்டு பக்கமும் ஸ்க்ரூவைத் தளர்த்தினா உருளை விலகும், ஆளை எடுத்துடலாம். நான் பட்டையைப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியாச்சு. வெளி ஆள் உள்ளே வந்தா முதல்லே கண்ணிலே படறது அந்தக் கம்பிதான். ஸ்பானரைக் கீழே வை, முதல்லே கம்பியை எடுன்னேன். நான் சத்தம் போட்டுச் சொல்லலை. எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன், அதனாலே அவா கேட்டா.

கம்பி துருப்பிடிச்சு முறுக்கிண்டிருந்தது. பிளையர் தேட வேண்டியிருந்தது. துண்டு துண்டாத்தான் வந்தது. கீழே விழுந்ததையெல்லாம் பொறுக்கச் சொன்னேன். எவ்வளவு நேரம்னு நான் கடிகாரம் பார்க்கலை. "சார், ஸ்க்ரூவத் தொறக்கச் சொல்லுங்க சார்"னு அவன் கேட்டான். கத்தலை. கத்தினா எனக்குப் பிடிக்காதுன்னு அவனுக்குத் தெரியும். "ஒரு நிமிஷம் இருப்பா"ன்னேன். சரின்னு தலையை ஆட்டினான். அப்புறம் ஒரு தரம் கேட்டான், அப்பவும் அதையேதான் சொன்னேன். கம்பி முழுக்க வந்து, ஸ்க்ரூவைத் தளர்த்தினபோது தலை தொங்கிப்போயிருந்தது. ரத்தம் என் செருப்பு வரைக்கும் வந்துடுத்து. பின்னாடி தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்டே, யாரோ சிநேகிதருக்கு ஆன மாதிரிக் கேட்டேன். உடனே எடுத்திருந்தா கை போயிருக்கும், உயிரைப் பத்திச் சொல்ல முடியாதுன்னார். சொல்ல முடியாதுன்னா பிழைச்சிருக்க மாட்டான்னுதானே அர்த்தம்?

ஏன் சார் எழுதறதை நிறுத்திட்டேள்? செல்லப்பாண்டி இதைச் சொல்லலையா?

என்னம்மா? உள்ளே வந்து சொல்லு, அங்கேருந்து கேக்கலை.

"உசுரோடயா இருந்தாவ? இழுத்த ஒடனே போயிட்டாவன்னு செல்லப்பாண்டி தம்பி சொன்னானேய்யா."

உடனே இல்லைம்மா. அவன் உன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பான். இந்த விஷயத்திலே நான் ஒருத்தருக்கும் பொய் சொன்னதில்லை, உனக்கும் சொல்ல மாட்டேன். அவன் குடிச்சிருக்கலை. பக்கத்திலேதான் நின்னேன், எனக்குத் தெரியும். நீ கேட்டது அதுதானே, நான் சொல்லிட்டேன், வக்கீல் முன்னாடியே சொல்லிட்டேன். கீழே உக்காராதே, தரை ஈரம். ஷ்யாமளா, அவளுக்குக் கொஞ்சம் ஜலம் கொண்டு வா. நீ ஏன் அப்படிப் பாக்கறே? ஜலம் கொண்டு வான்னேன்.

சார், நீங்க எழுந்துட்டேளே. எங்கே, போலீஸுக்கா? எதுக்கு? நான்தான் முதல்லேயே சொன்னேனே, ஆடியோட எல்லாம் முடிஞ்சு போச்சு. கம்பியும் அவனும் ஒரே மெஷின்லே, ஒரே காலம்பறதானே சார். கம்பிக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம்னு இருக்குமா? இதுக்கும் அதே மூணு மாசம்தானே?